லமாராவின் பெயரில் ஒரு படுக்கை

நஸிப்ரோலா சித்தி உட்கார்ந்திருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. இத்தாலியின் பாரி நகரத்தில் கிழவர்களையும் கிழவிகளையும் பார்த்துக்கொள்ளும் எங்கள் ஜார்ஜியப் பெண்களுக்கு வியாழன் மதியமும் ஞாயிறும்தான் ஓய்வு. அந்த நேரத்தில் எல்லோரும் கடற்கரைச் சுவரின்மேல் வரிசையாக அமர்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பார்கள். சித்தி மட்டும் அந்த வரிசைக்கு முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தபடியே பேசுவார். ஒரு முனையில் தொடங்கிய கதையை மறுமுனையில் முடிப்பார். நடுவில் இருப்பவர்களுக்கு நடுப்பகுதி மட்டும் கிடைக்கும்.

“உக்காருடி. உன்னைப் பார்த்து எனக்குக் கால் வலிக்குது” என்பார் என் அம்மா லமாரா.

“வாரம் பூரா அந்தக் கிழவன் சாவேரியோ கட்டில் பக்கத்துலதானே உக்காந்திருக்கேன். இன்னிக்காவது இது என் காலுன்னு அதுக்குத் தெரியட்டும்.”

சித்தி என் அம்மாவின் உடன்பிறந்தவர் இல்லை. இருவரும் சியாத்துராக்காரர்கள். சுரங்க ஊர், மலைக்கு மலை கம்பிவடத்தில் பெட்டிகள் ஓடும். அந்தத் தொங்கும் பெட்டிகளில் ஒன்றில் சித்தி நடத்துநராக இருந்தார். ஆட்களை ஏற்ற வேண்டும், கதவின் தாழ்ப்பாளைப் போட வேண்டும், சரியாக விழுந்ததா என்று இன்னொரு முறை தள்ளிப் பார்க்க வேண்டும், பிறகு மணி அடிக்க வேண்டும். பழைய பெட்டிகளை நிறுத்தியபோது வேலை போயிற்று. தள்ளிப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் கதவை மூடியபின் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். கார் கதவுக்கும் அதே தட்டு, குளிர்சாதனப் பெட்டிக்கும் அதே தட்டு.

மூன்று மாதம் சுற்றிப் பார்க்கலாம் என்ற அனுமதியில் விமானத்தில் வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். மகன் மிண்டியாவின் வீட்டுக்குக் கூரை போட வேண்டியிருந்தது. பிறகு அவன் கல்யாணம், பிறகு பேத்தி. ஊருக்குப் போனால் திரும்ப விடமாட்டார்கள் என்பதால் பேத்தியைக் கைபேசியில்தான் பார்த்தார். அவரிடம் இந்நாட்டில் தங்கும் அனுமதிக் காகிதம் எதுவும் கிடையாது. அம்மாவிடம் உண்டு. ஒருமுறை வீட்டுவேலை செய்பவர்களுக்குக் காகிதம் கொடுக்க அரசாங்கம் வழி திறந்தபோது அம்மாவின் முதலாளியம்மா கையெழுத்துப் போட்டார். சாவேரியோவின் மகள் “அடுத்த தடவை பார்ப்போம்” என்றாள். அடுத்த தடவை வரவில்லை.

அந்தக் காகிதத்தை வைத்து அம்மா என்னையும் அழைத்துக்கொண்டார். பாதிப் பள்ளி அங்கே, பாதி இங்கே. இரண்டு மொழியிலும் எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் எங்கள் பெண்களுக்காக அலுவலக ஜன்னல்களில் நின்று பேசுவது என் பொறுப்பாயிற்று.

வலி இலையுதிர்காலத்தில் வந்தது. சித்தி நடையின் நடுவில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

“தின்ன விதையெல்லாம் முதுகுல போய் முளைக்குது” என்றார்.

மெலிந்தார். கண்ணின் வெள்ளை மஞ்சளாயிற்று. சாவேரியோவுக்கு வலியைக் குறைக்கும் மருந்துப் பிளாஸ்திரி ஒட்டிவிடுபவர் அவர்தான். பெட்டி அலமாரியில்தான் இருந்தது. அதிலிருந்து ஒன்றைக்கூட எடுக்கவில்லை. “அவனுக்குன்னு கொடுத்தது” என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்பது கடற்கரைச் சுவரில் எல்லோரும் நம்பிய விஷயம். யாரும் போய்ப் பார்த்ததில்லை. அம்மா தன் மருத்துவ அட்டையை எடுத்து சித்தியின் பைக்குள் திணித்தார்.

“எடுத்துட்டுப் போ. இதுல படமா ஒட்டியிருக்கு? பேரும் நம்பரும்தான்.”

“பிறந்த வருஷம் இருக்கே. நீ என்னைவிடக் கிழவி.”

“அப்போ கொஞ்சம் கூனிக்கிட்டு நட.”

சித்தி என்னை மகளாகக் கூட்டிப்போனார். அதில் பொய்யில்லை, நான் லமாராவின் மகள்தான். டாக்டர் லோபெர்ஃபிதோ நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண்மணி. படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தவர் கோப்பைத் திரும்பப் புரட்டினார். “பித்தப்பையை எடுத்தாச்சுன்னு இதுல போட்டிருக்கு. படத்துல இருக்கே.”

அம்மாவுக்கு அந்த அறுவை இதே ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. நான் சித்திக்கு மொழிபெயர்த்தேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. “அரைகுறையா எடுத்திருப்பாங்கன்னு சொல்லு.”

பழைய பதிவுகள் அப்படித்தான் என்று டாக்டர் முணுமுணுத்தார். அடுத்த வாரம் மற்ற முடிவுகளும் வந்தன. கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருந்தது. “உங்க அம்மாவுக்குக் குணப்படுத்தற கட்டம் தாண்டிடுச்சு. வலி இல்லாம வெச்சுக்கலாம். அதை என்னால செய்ய முடியும்” என்று என்னிடம் சொன்னார். நான் அதை அப்படியே சித்தியிடம் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், பிறகு “வலி இல்லாமங்கறதை இன்னொரு தடவை கேளு” என்றார்.

நகரத்துக்கு வெளியே, ஆலிவ் தோப்புகளுக்கு நடுவில் கடைசிக்காலத்துக்கென்றே ஒரு விடுதி இருக்கிறது. தனி அறை, எந்நேரமும் செவிலியர், கட்டணம் இல்லை. திங்கட்கிழமை ஒரு படுக்கை காலியாகிறது என்றார் டாக்டர். காலியாகிறது என்றால் என்ன என்று எங்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்தப் படுக்கையை லமாராவின் பெயரில் எழுதினார்.

அதற்குள் சித்தியால் சாவேரியோவைத் தூக்க முடியாமல் போயிருந்தது. வேலையை மாற்றாளிடம் ஒப்படைத்துவிட்டு, ‘வியாழக்கிழமை வீடு’ என்று நாங்கள் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டார். முதலாளிகள் வீட்டிலேயே தங்கும் எங்கள் பெண்கள் ரயில் நிலையத்துக்குப் பின்னால், நான்காவது மாடியில் இரண்டு அறைகளைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஓய்வு நாளில் தலைக்குக் குளிக்க, சமைக்க, சத்தமாகப் பேச ஓர் இடம். ஒப்பந்தம் எங்களில் ஒருத்தியான எதெரியின் பெயரில். அவளிடம் காகிதம் உண்டு, அதிகாரமும் உண்டு. படிக்கட்டில் பேசக் கூடாது, மணி அடித்தால் யாரும் அசையக் கூடாது என்பவை அவள் சட்டங்கள். கீழே வாசல் மணிப்பலகையில் எங்கள் பொத்தானுக்குப் பக்கத்தில் பெரூஜினி என்று இருந்தது. பெரூஜினி யார் என்று யாருக்கும் தெரியாது. வாரநாட்களில் அந்த வீடு காலியாகக் கிடக்கும். சித்தி ஜன்னலிலிருந்து கதவுக்கும் கதவிலிருந்து ஜன்னலுக்கும் தனியாக நடந்தார்.

வியாழன் மதியம் எல்லோரும் கூடினார்கள். எதெரி சிவப்பு பீன்ஸ் வேகவைத்தாள். அம்மா பாலாடைக்கட்டி ரொட்டி சுட்டார். படுக்கை கிடைத்த சந்தோஷத்தில் பேச்சு பெரிதாக இருந்தது.

“மோட்டார் கட்டிலாடி?” என்று கேட்டாள் எதெரி.

“ஆமா. அமுக்கினா தலைமாடு தானா மேல வரும்.”

“கண்டவங்களுக்கு அமுக்கி அமுக்கி நம்ம விரல் தேஞ்சுது. நீயாவது உனக்குன்னு ஒரு தடவை அமுக்கிக்கோ.”

சித்தி சிரித்தார். சிரிப்பு முதுகில் இழுத்திருக்க வேண்டும். நாற்காலி முதுகைப் பிடித்து நின்றார். பிறகு கேட்டார்: “லமாரா, அங்க நான் செத்தா யாரு சாவா?”

“நீதான். வேற யாரு?”

“காகிதத்துல.”

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டார். “நான்.”

“அப்புறம் உன் வேலை? உன் காகிதம்? இந்தப் பொண்ணோடது?”

“என் பொண்ணு தெக்லே ஜன்னல்ல பேசிக்குவா. செத்தவளே நேர்ல போய் நின்னா நம்பாமலா இருப்பாங்க?”

சித்தி மறுபடி நடக்கத் தொடங்கினார். “சவப்பெட்டிமேல உன் பேர் இருக்கும். மிண்டியா விமான நிலையத்துல வந்து நிப்பான். லமாரான்னு ஒரு பெட்டி இறங்கும். எங்கம்மா இல்லைன்னு திருப்பி அனுப்பிருவான். அவன் அப்பன் மாதிரி, எழுதியிருக்கறதைத்தான் நம்புவான்.”

“அப்போ உயிரோட இருக்கறப்பவே போய்ச் சேரேன்” என்றாள் எதெரி.

“எப்படிப் போறது? அஞ்சு நிமிஷம் உக்கார முடியலை. அதோட எங்கம்மா போன விதத்தை நான் பார்த்தேன், எதெரி. அந்தச் சத்தம் மூணு தெரு தள்ளிக் கேட்டுது. நம்ம ஊர்ல வலிக்கு ஒண்ணும் கிடைக்கலை. நான் செத்தப்புறம் போறேன். அப்போ உக்கார வேண்டாம், படுத்துட்டே போகலாம்.”

அம்மா அடுப்பை அணைத்தார். “சுவரைப் பிராண்டிட்டு நிக்கறா, பேரைப் பத்திக் கவலைப்படறா. உனக்குப் பேரா வலிக்குது? போ. என் பேர்ல போய் நிம்மதியாத் தூங்கு. நான் ஒண்ணும் செத்துர மாட்டேன்.”

உறுதியாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கு முந்தைய வாரம் முழுக்க அவர் தன் முதுகைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். இங்கே ஏதாவது தட்டுப்படுதா பாரு, இங்கே பாரு என்று. சித்தி அதைக் கவனித்திருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் சித்தியிடமிருந்து அழைப்பு வந்தது. “டாக்டரைப் பார்க்கணும். வா.”

ஆஸ்பத்திரி நடைபாதையில் நாற்காலிகள் காலியாக இருந்தன. சித்தி சுவரோரமாக நடந்தார். கதவு திறந்து “சிஞ்ஞோரா லமாரா” என்று அழைத்தார்கள். அவர் திரும்பவில்லை. இரண்டாம் முறை அழைத்தபோது நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். டாக்டர் நாற்காலியைக் காட்டினார். சித்தி நின்றுகொண்டே இருந்தார்.

“நான் லமாரா இல்லை” என்றார். என் உதவி இல்லாமல், சாவேரியோவிடம் கற்ற பாரித் தெருப்பேச்சில். “லமாரா நல்லா இருக்கா. நல்லா திங்கறா. நான் நஸிப்ரோலா. எனக்குக் காகிதம் இல்லை.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “அப்போ நீ யாரு?”

“லமாராவோட மகள்.”

“பித்தப்பை” என்றார் டாக்டர், கண்ணாடியைக் கழற்றி. “எடுத்தது திரும்ப முளைக்காதுன்னு படிச்சுத்தான் டாக்டர் ஆனேன்.” பிறகு குரல் உயர்ந்தது. “அந்த அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு. அதை மனசுல வெச்சு இவங்களுக்கு மருந்து எழுதியிருக்கேன். நாளைக்கு அவங்க நிஜமாவே வயித்துவலின்னு வந்தா, இந்தப் புத்துநோயை அவங்க வயித்துல தேடியிருப்போம். உங்களையும் அவங்களையும் சேர்த்துக் கொன்னிருப்பேன். தெரியுமா?”

நான் மொழிபெயர்த்தேன். சித்தி தலையாட்டினார். “கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா. போலீஸுக்கு எழுதணும்னா கார்டை நான் திருடினேன்னு எழுதுங்க. அவ குடுக்கலை.”

“என்ன எழுதணும்னு எனக்குத் தெரியும்.” டாக்டர் கொஞ்சநேரம் கோப்பின்மேல் கையை வைத்திருந்தார். “ஆனா திங்கட்கிழமை படுக்கை லமாரா பேர்ல இருக்கு. லமாராவுக்கு நோய் இல்லை. அது உங்களுக்குக் கிடைக்காது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரிஞ்சுதான்.”

“முதல்லயே உங்க பேர்ல வந்திருக்கலாமே, அம்மா. காகிதம் இல்லாதவங்களுக்குன்னே ஒரு எண் கொடுக்கறாங்க. கீழ்மாடியில கடைசி ஜன்னல். வந்தவங்களைப் பத்தி யாரும் போலீஸுக்குச் சொல்ல மாட்டாங்க. சொல்லக் கூடாது.”

“எப்பலேர்ந்து?” என்று சித்தி கேட்டார்.

“நீங்க இந்த நாட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியேர்ந்து.”

படியிறங்கும்போது சித்தி இரண்டு முறை நின்றார். வலியா என்று கேட்டேன். “இல்லை, லமாராகிட்ட இதைச் சொல்லாதே. கார்டு குடுத்துட்டோம்கற பெருமையில இருக்கா” என்றார்.

கடைசி ஜன்னலில் எண் கிடைத்தது. வசிக்கும் இடம் என்ற கேள்விக்கு வியாழக்கிழமை வீட்டின் முகவரியைச் சொன்னேன். ஆனால் அந்த எண் எல்லாக் கதவையும் திறக்கவில்லை. ஊசி உண்டு, பரிசோதனை உண்டு. விடுதியில் படுக்கை வேண்டுமென்றால் குடும்ப மருத்துவர் கேட்டு எழுத வேண்டுமாம். எண் வைத்திருப்பவர்களுக்குக் குடும்ப மருத்துவர் கிடையாதாம். திங்கட்கிழமை அந்தப் படுக்கை வேறு யாருக்கோ போயிற்று. டாக்டர் லோபெர்ஃபிதோ தொலைபேசியில் யாரிடமோ சொன்னது நடைபாதை வரை கேட்டது. “டாக்டர் எழுதணும்னா நான் யாரு? பூக்காரியா?”

சித்தி சுவர்களுக்கிடையே நடந்தார். மாத்திரை சில மணி நேரம் தாங்கியது. பிறகு நடை வேகமாகும். ஜன்னல், கதவு, ஜன்னல். நான் என் துணிகளை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டேன். அம்மா தன் கிழவிக்கு ஒரு மாற்றாளை வைத்துவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை டாக்டரே அழைத்தார். படுக்கைக்கு இன்னும் காத்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கே வந்து வலிக்கு மருந்து தரும் குழு நாளை முதல் வரும். பிளாஸ்திரியும், தேவைப்பட்டால் ஊசியும் தருவார்கள். ஒரு வீடு வேண்டும், கூட ஓர் ஆள் வேண்டும், வாசல் மணியில் நோயாளியின் பெயர் வேண்டும். பெயர் இல்லாத மணியை அவர்கள் அடிப்பதில்லை.

எதெரி அன்று மாலையே வந்தாள். அவளுடைய கிழவர் தூங்கும் நேரம் அது. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“முடியாது. இங்க வந்து போறவள்கள்ல ஏழு பேருக்குக் காகிதம் இல்லை. இத்தனை வருஷமா இந்தக் கட்டடத்துல நம்மளை யாருக்கும் தெரியாது. பேரை எழுதி வாசல்ல மாட்டினா நாளைக்கே எவனாவது கேப்பான்.”

“அந்த பெரூஜினி வந்து கேப்பானா?” என்றார் அம்மா.

“நீ பேசாதே. உன் கார்டாலதான் இவ்வளவும்.” எதெரி சித்தியைப் பார்த்தாள், குரல் இறங்கியது. “என் பேரைப் போடு. எனக்குக் காகிதம் இருக்கு, ஒப்பந்தமும் என் பேர்ல. நர்ஸுக்கு என்ன, அடிக்க ஒரு பொத்தான் வேணும், அவ்வளவுதானே.”

சித்தி ஜன்னலருகே திரும்பி வந்தார். “இப்பத்தான் ஒருத்தி பேர்லேர்ந்து வெளிய வந்தேன். மறுபடி உன் பேருக்குள்ள என்னை அனுப்பறியே. வர்ற நர்ஸ் கையில இருக்கற காகிதத்துல நஸிப்ரோலான்னு இருக்கும். மணியில எதெரின்னு இருந்தா திரும்பிப் போயிருவான். நான் இப்படியே நடந்துட்டு இருப்பேன்.”

அம்மா அட்டையை வெட்டினார். நான் பெயரை எழுதினேன். சித்தி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எதெரி சமையலறை இழுப்பறையைத் திறந்து, மூடி, வேறொன்றைத் திறந்தாள். டேப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

“மை மழையில அழிஞ்சுரும். மேல இதை ஒட்டு.”

கீழே இறங்க வெகுநேரம் ஆயிற்று. மின்தூக்கி இல்லாத கட்டடம். ஒவ்வொரு திருப்பத்திலும் சித்தி கம்பியைப் பிடித்து நின்றார். பலகையிலிருந்து பெரூஜினியை உருவினேன். அதற்குக் கீழே இன்னொரு பெயர், மங்கிப்போய். அதற்கும் கீழே ஒன்று. சித்தி எல்லாவற்றையும் வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். புதிய துண்டை அவரே செருகினார். உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு இன்னொன்று.

அந்தத் துண்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. எதெரி அதை எடுக்கவில்லை. மிண்டியாவும் விமான நிலையத்தில் எதையும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் அது கோடைக்குச் சற்று முன்பு நடந்தது. நான் சொல்லவந்தது அந்தப் புதன்கிழமையை.

காலையிலிருந்தே சித்தி என்னைக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தார். பேர் இருக்கா பாரு. நேரா இருக்கா பாரு. குழந்தைங்க யாராவது பிச்சிருப்பாங்க, பாரு. நான் போய்ப் பார்த்து இருக்கிறது என்று சொல்வேன். அவர் கதவுக்குப் போவார், ஜன்னலுக்குப் போவார், தெருவில் நிற்கும் ஒவ்வொரு காரையும் பார்ப்பார்.

“உக்காரேண்டி” என்றார் அம்மா.

“உக்காந்தா மணி கேக்காது.”

மதியத்துக்கு முன் மணி அடித்தது. அந்த வீட்டில் எங்கள் யாருக்காகவும் அதுவரை மணி அடித்ததில்லை. அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது, பழைய சட்டம். இருவரும் அசையாமல் நின்றோம். இரண்டாம் முறையும் அடித்தது.

சித்தி சுவரைத் தடவிக்கொண்டே போய்க் கதவருகே தொங்கிய வாசல்மணிப் பேசியை எடுத்தார். ஓர் ஆண்குரல், வண்டிச் சத்தத்துக்கு நடுவே, காகிதத்தைப் பார்த்து வாசிப்பதுபோல் மெதுவாகக் கேட்டது: “நஸிப்ரோலா கவ்தராட்ஸே?”

“நான்தான்” என்றார் சித்தி. “நாலாவது மாடி. கீழ்க்கதவை ரெண்டு தடவை தள்ளி மூடிட்டு வாங்க. ஒரு தடவை தள்ளினா தாழ்ப்பாள் விழாது.”

பேசியை மாட்டினார். கதவுக்குப் பக்கத்தில் குடை வைக்கும் மூலையில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தார். கீழே கதவு மூடும் சத்தம் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. சித்தி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“ஒரு தடவைதான் தள்ளினான்” என்றார்.